அணியின் பணமும் பயிற்சியாளரும்: ஹாட்ரிக் ஆடுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்தின் குழித்துறையிலிருந்து களியக்காவிளை வரையிலும், கேரள எல்லையைத் தாண்டிப் பாறசாலை வரையிலும் சிதறிக் கிடக்கும் எட்டுப் பேர், ஹாட்ரிக் என்னும் இணையக் கால்பந்து மேலாண்மை ஆட்டத்தைப் பல பருவங்களாக ஆடி வருகிறோம். 1997இல் சுவீடனில் தொடங்கிய இந்த ஆட்டத்தில் பந்தை நாம் உதைப்பதில்லை. ஒரு சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் பயிற்சித் திட்டத்தையும் அணிவரிசையையும் வாரந்தோறும் கவனிப்பது மட்டுமே நம் வேலை. தூத்தூர், வள்ளவிளை, அந்தப் பக்கம் பொழியூர் என்று கடற்கரை மணல் முழுவதும் கால்பந்தாகக் கிடக்கும் பகுதி எங்களுடையது என்பதால், ஆட்ட நுணுக்கத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எட்டுப் பேரில் ஆறு பேர் முதல் இரண்டு பருவங்களுக்குள் கஜானாவைக் காலி செய்தோம். நான் இரண்டு முறை செய்தேன். எங்களை வீழ்த்தியவை கணக்கும் பயிற்சியாளரும்தான் என்பதால், இந்த வழிகாட்டி அவ்விரண்டை மட்டுமே பேசுகிறது.

தொடங்குவதற்கு முன் ஒரு விளக்கம். கைப்பணம் கொடுத்து டோக்கன் வாங்கினால் வேகம் கூடும் வகை ஆட்டங்களுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தா. ஹாட்ரிக்கில் சந்தா கட்டினால் கூடுதல் வசதிகள் கிடைக்குமே தவிரக் களத்தில் அணி பலம் பெறாது. ஆகவே எல்லாரும் ஒரே தராசில்தான் நிற்கிறோம். கீழே நான் காட்டும் தொகைகள் யாவும் கணக்கு விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்டவை. உங்கள் அணியின் எண்களை அந்த இடத்தில் பொருத்திக்கொள்ளுங்கள்.

முதல் படி: நாட்காட்டியைப் படியுங்கள்

ஒரு பருவம் 16 வாரம், அதாவது 112 நாள். ஒரு லீக்கில் 8 அணிகள். ஒவ்வோர் அணியும் 14 லீக் ஆட்டம் ஆடும். அவற்றில் 7 மட்டுமே சொந்த மைதானத்தில் நடக்கும். லீக் ஆட்டத்தின் டிக்கெட் பணம் முழுவதும் சொந்த மைதானத்து அணிக்கே சேரும். வெளியூர் போன வாரத்தில் ஒரு காசும் வராது. ஸ்பான்சர் பணம் வாரந்தோறும் வரும். வீரர், பயிற்சியாளர், உதவியாளர் ஊதியங்களும் மைதானப் பராமரிப்பும் இளையோர் அணிச் செலவும் வாரந்தோறும் போகும். ஆக, செலவு சீராக ஓடும். வரவு விட்டுவிட்டு வரும்.

ரப்பர் வெட்டுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதன்று. மழை பிடித்தால் பால் வெட்ட முடியாது, இலை உதிர்கிற மாதங்களில் மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், ஆனால் அரிசிக் கடைக்காரர் இலையுதிர்வைக் கணக்கில் எடுப்பதில்லை. என் முதல் ஆட்டக் கணக்கை நான் எழுதியது, ரப்பர் ஷீட்டின் எடையை அப்பா குறித்து வைத்திருந்த நீளமான நோட்டின் பின்பக்கத்தில்தான். முன்பக்கத்தில் கிலோவும் விலையும், பின்பக்கத்தில் ஸ்பான்சரும் ஊதியமும். இரண்டிலும் ஒரே பள்ளம் ஒரே மாதிரி விழுவதைக் கண்ட பிறகே எனக்குப் புத்தி வந்தது.

இரண்டாம் படி: வறண்ட வாரங்களைக் கணக்கிடுங்கள்

ஓர் அணிக்கு வாரத்துக்கு ஸ்பான்சர் வரவு 60,000 என்றும், சொந்த மைதான ஆட்டம் ஒன்றுக்கு டிக்கெட் வரவு 1,20,000 என்றும் வைத்துக்கொள்வோம். 16 வார ஸ்பான்சர் பணம் 9,60,000, ஏழு ஆட்டத்தின் டிக்கெட் பணம் 8,40,000, மொத்தம் 18,00,000. செலவில் வீரர் ஊதியம் 55,000, பயிற்சியாளருக்கு 12,000, உதவியாளர்களுக்கு 18,000, மைதானத்துக்கு 14,000, இளையோருக்கு 6,000 என வாரம் 1,05,000 போனால், பருவத்துக்கு 16,80,000 ஆகும். மிச்சம் 1,20,000. காகிதத்தில் இது லாபத்தில் நடக்கும் அணி. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டு ஒரு ஸ்டிரைக்கரைத் தேடி, வீரர்களை ஏலம் விடும் சந்தைக்குப் போய்விடுகிறார்கள்.

நோட்டை மூடாமல் வாரம் வாரமாகப் பாருங்கள். சொந்த மைதான வாரத்தில் 75,000 மிச்சப்படும். மற்ற வாரத்தில் 45,000 குறையும். பருவத்தின் 14 லீக் சுற்றுகள் முடிந்த பின் லீக் ஆட்டமே இல்லாத இரண்டு வாரம் வருகிறது. பழைய பருவத்தின் கடைசி ஆட்டமும் புதிய பருவத்தின் முதல் ஆட்டமும் வெளியூரில் அமைந்துவிட்டால், தொடர்ந்து நான்கு வாரம் டிக்கெட் வரவு இல்லை. அந்த நான்கு வாரத்தில் குறைவது 1,80,000. பருவம் முழுவதும் உழைத்துச் சேர்த்த 1,20,000 அதற்குப் போதாது. லாபத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த சங்கம் கடனில் நிற்பது இப்படித்தான். கடனுக்கு வட்டி உண்டு. எல்லை மீறிக் கடனில் விழுந்து, தரப்பட்ட அவகாசத்துக்குள் மீளாவிட்டால் அணியே கைவிட்டுப் போகும்.

ஆகவே உங்கள் அணியின் வறண்ட வாரக் குறைவை நான்கால் பெருக்கி வரும் தொகையை எப்போதும் தொடாத பணமாக வைத்திருங்கள். இந்த எடுத்துக்காட்டு அணிக்கு அது 1,80,000. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பது மட்டுமே செலவழிக்கக்கூடிய பணம்.

இதே இடைவெளியில் பரிசுப் பணமும், புதுப் பருவம் தொடங்கும்போது ரசிகர் மன்றச் சந்தாவும் மொத்தமாக வந்து விழும். இதைக் கண்டு மயங்கி, வாரச் செலவை ஏற்றிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாரா வாரம் வரும் பணம் வாராந்தரச் செலவுக்கு. பருவத்துக்கு ஒருமுறை வரும் பணம் பல பருவம் நிற்கும் பொருளுக்கு. ரப்பர் தோட்டத்தில் ஷீட் விற்ற காசு குடும்பச் செலவுக்கும், வயதான மரத்தை வெட்டி விற்ற காசு மறுநடவுக்கும் என்று பிரித்து வைப்பதைப் போலத்தான் இதுவும். பயிற்சியாளரை அமர்த்துவதற்கான பணமும் மைதானத்தை விரிவாக்குவதற்கான பணமும் இந்த இரண்டாவது பையிலிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாம் படி: எதைப் பயிற்றுவிக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன்பே இந்தப் படியை முடிக்க வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கியதுதான் நாங்கள் எல்லாரும் செய்த பிழை.

ஒரு வாரத்தில் ஒரு திறனை மட்டுமே பயிற்றுவிக்க முடியும். அந்தத் திறனுக்குரிய இடத்தில் அந்த வாரம் ஆடியவருக்கே பலன் சேரும். 90 நிமிடம் ஆடினால் முழுப் பலன், குறைந்தால் அந்த அளவுக்குக் குறையும். வாரத்தில் லீக் ஆட்டம் ஒன்று, கோப்பை ஆட்டமோ நட்பு ஆட்டமோ ஒன்று என இரண்டு ஆட்டம் கிடைக்கிறது. ஆட்டத்தை வடிவமைக்கும் நடுக்களத் திறனைப் பயிற்றுவித்தால், ஓர் ஆட்டத்தில் மூன்று மைய நடுக்கள வீரர்கள், இரண்டு ஆட்டத்தில் ஆறு பேர் முழுப் பலன் பெறுவார்கள். ஓரங்களில் ஆடும் விங்கர்களுக்குப் பாதி கிடைக்கும். தடுப்புத் திறன் என்றால் ஓர் ஆட்டத்தில் ஐந்து பின்கள வீரர்கள், வாரத்துக்குப் பத்துப் பேர். கோல்கீப்பர் பயிற்சி என்றால் வாரத்துக்கு இரண்டே பேர்.

இதிலிருந்து இரண்டு கட்டளைகள் பிறக்கின்றன. முதலாவது, கோப்பையிலிருந்து வெளியேறிய அணி அடுத்த வாரமே நட்பு ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். நட்பு ஆட்டம் தவறிய வாரத்தில் பயிற்சியின் பாதி வீணாகிறது, பயிற்சியாளரின் ஊதியமோ முழுசாகப் போகிறது. இரண்டாவது, லீக்கில் 90 நிமிடமும் ஆடிய மாணவ வீரரை, அதாவது பயிற்சி பெறுபவரை, நட்பு ஆட்டத்திலும் இறக்கக் கூடாது. ஒருவருக்கு வாரத்தில் 90 நிமிடத்துக்கு மேல் பலன் சேராது என்பதால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு உரியது. பாறசாலையில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு முழுப் பருவமும் தன் மூன்று நல்ல நடுக்கள வீரர்களையே இரண்டு ஆட்டத்திலும் இறக்கிவிட்டு, தன் பயிற்சியாளர் மோசம் என்று என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் மேல் ஒரு குறையும் இல்லை. வாரந்தோறும் அவரது உழைப்பில் பாதியை இவன் தரையில் கொட்டிக்கொண்டிருந்தான்.

தேர்ந்தெடுத்த திறனைக் குறைந்தது இரண்டு மூன்று பருவம் மாற்றாமல் வைத்திருப்பது நல்லது. மாணவ வீரர்கள் 17, 18 வயதினராக இருக்கட்டும். இளையவர்கள் விரைவாகக் கற்பார்கள். ஒவ்வொரு பருவமும் அவர்களுக்கு ஒரு வயது கூடுவதால் அந்த வேகம் கண்முன்னே குறைந்துகொண்டே போகும்.

நான்காம் படி: பயிற்சியாளரின் விலையைக் கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் நிறுத்திப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். நல்ல பயிற்சியாளர் என்றால் யார் என்று கேட்டால் திறன் நிலையைச் சொல்வார்கள். நான் எதிர்க்கேள்வி ஒன்று கேட்பேன்: அவர் கையில் எத்தனை பிள்ளைகளை ஒப்படைக்கப் போகிறீர்கள்?

ஒரு வீரர் ஒரு திறன் நிலை ஏறுவதற்கு இப்போதைய பயிற்சியாளரிடம் 10 வாரமும், மேலான ஒருவரிடம் 9 வாரமும் ஆகும் என்று கொள்வோம். மேலானவரை அமர்த்த ஒருமுறைச் செலவு 2,50,000. வார ஊதியம் இப்போதையவரைவிட 3,000 அதிகம். ஒரு நிலை ஏறிய வீரருக்குச் சந்தையில் 80,000 கூடுதலாகக் கிடைக்கும் என்போம்.

ஆறு பேரைப் பயிற்றுவித்தால், ஒரு பருவத்தில் இப்போதையவர் தருவது 9.6 நிலை, மேலானவர் தருவது ஏறத்தாழ 10.7 நிலை. கூடுதலாகக் கிடைப்பது ஒரு நிலைக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 85,000. கூடுதல் ஊதியம் 48,000 போக நிற்பது 37,000. போட்ட 2,50,000 திரும்பி வர ஏறத்தாழ ஏழு பருவம், நம் நாட்காட்டியில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

அதே பயிற்சியாளரிடம் பத்துப் பேரை ஒப்படைத்தால், இப்போதையவர் 16 நிலையும் மேலானவர் ஏறத்தாழ 17.8 நிலையும் தருவார்கள். கூடுதல் வரவு 1,42,000. ஊதியம் போக 94,000. மூன்று பருவம் முடிவதற்குள் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். இரண்டு கோல்கீப்பர்களை மட்டும் வளர்ப்பவர் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கூடுதல் வரவு 29,000ஐத் தாண்டாது. கூடுதல் ஊதியமோ 48,000. அவருக்கு அந்தப் பயிற்சியாளரால் பருவந்தோறும் நட்டமே.

பயிற்சியாளர் மாறவில்லை, விலையும் மாறவில்லை. மாணவர் எண்ணிக்கை மாறியதால் ஒருவருக்கு முதலீடாக இருப்பவர் இன்னொருவருக்கு வீண்செலவாகிறார். திறன் வகைக்கு ஏற்ப நிலை ஏறும் வேகமும் சந்தை விலையும் வேறுபடும் என்பதால், இதைப் படித்துவிட்டு எல்லாரும் தடுப்புப் பயிற்சிக்குத் தாவிவிட வேண்டாம். உங்கள் திறனுக்குரிய வாரக்கணக்கையும் விலை வேறுபாட்டையும் சந்தையில் நான்கைந்து ஏலங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மேற்கண்ட பெருக்கலைச் செய்து பாருங்கள். அரை மணி நேர வேலைதான். மாணவ வீரர்களுக்கான இடங்களில் பாதி காலியாக இருக்கும்போது உயர்ந்த பயிற்சியாளரைத் தேடாதீர்கள். முதலில் அந்த இடங்களை 17 வயதுப் பிள்ளைகளால் நிரப்புங்கள்.

ஐந்தாம் படி: திறனைத் தவிர மற்ற இரண்டு குணங்கள்

பயிற்சியாளருக்குத் தலைமைப் பண்பு என்று ஓர் அளவு உண்டு. அணியின் மன ஒற்றுமையை அது தாங்கிப் பிடிக்கிறது. தலைமைப் பண்பு மிகக் குறைந்தவரிடம் வீரர்கள் கற்றுக்கொள்வார்கள், ஆனால் களத்தில் நடுக்களம் தளரும். பயிற்சிக்காகவே அணி நடத்துபவர் இதில் சற்று விட்டுக்கொடுக்கலாம். லீக்கில் மேலே ஏற விரும்புபவர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தாக்குதல் மனப்போக்கு, தடுப்பு மனப்போக்கு, நடுநிலை என்ற வகைப்பாடும் இருக்கிறது. தாக்குதல் வகையினர் தாக்குதலைக் கூட்டித் தடுப்பைக் குறைப்பார்கள்; தடுப்பு வகையினர் அதற்கு நேர்மாறு. எவரையும் வாங்கி விற்றுக்கொண்டே இருக்கும் பயிற்சி அணிக்கு நடுநிலைதான் பொருத்தம் என்பேன்.

ஆறாம் படி: சொந்த வீரரைப் பயிற்சியாளராக்குதல்

வெளியிலிருந்து அமர்த்துவது எளிது. நம் அணியில் ஆடி முதிர்ந்தவரைப் பயிற்சியாளராக்குவதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் மிக இனிய பகுதி அதுதான். இதற்கான வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

தேவைப்படும் நாளுக்கு இரண்டு பருவம் முன்பே, அனுபவமும் தலைமைப் பண்பும் மிகுந்த, முப்பது வயது கடந்த ஒருவரைச் சந்தையில் தேடுங்கள். அவரது ஆட்டத் திறன் சுமாராக இருந்தால் இன்னும் நல்லது: ஆட்டத் திறனுக்குத்தான் மற்றவர்கள் விலை கொடுக்கிறார்கள், நீங்கள் தேடுவது தலைமைப் பண்பை. ஊதியத்தைப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டு வீரருக்கு ஊதியம் 20 விழுக்காடு கூடுதல் என்பதால், பயிற்சியாளராகும்வரை இரண்டு பருவம், 32 வாரம், அந்தக் கூடுதலைச் சுமக்க வேண்டியிருக்கும். வாரத்துக்கு 5,000 ஊதியம் உள்ளவர் என்றால் கூடுதல் 1,000, மொத்தம் 32,000. மலிவாக வாங்கிய பெருமையை அது விழுங்கிவிடும்.

வாங்கியவரைச் சும்மா உட்கார வைக்காமல் லீக் ஆட்டத்திலும் கோப்பை ஆட்டத்திலும் இறக்குங்கள், கேப்டனாக்குங்கள். நட்பு ஆட்டத்தில் அனுபவம் மிகக் குறைவாகவே சேரும், அந்த இடமும் மாணவ வீரருக்கு உரியது. பயிற்சிக்குத் தேவையில்லாத இடம் ஒன்று அணிவரிசையில் எப்போதும் இருக்கும். நடுக்களப் பயிற்சி அணி என்றால் மூத்தவர் பின்களத்தில் நிற்கட்டும். தடுப்புப் பயிற்சி அணி என்றால் நடுக்களத்தில் நிற்கட்டும். மாணவர் இடத்தை மூத்தவர் அடைத்துக்கொண்டால் ஒரு பயிற்சியாளரை வளர்ப்பதற்காக ஒரு மாணவரைப் பலி கொடுத்ததாகும்.

மாற்றம் செய்யும் நாளில் கையிருப்பைத் திரும்பப் பாருங்கள். பயிற்சியாளராக்கும் செலவைக் கட்டிய பிறகும் வறண்ட வாரங்களுக்கான தொகை அப்படியே நிற்க வேண்டும். நிற்காது என்றால் அடுத்த சொந்த மைதான ஆட்டங்கள் முடியும்வரை பொறுங்கள். நான் பொறுக்கவில்லை. பருவத்தின் 13ஆம் வாரத்தில், கையிருந்த எல்லாவற்றையும் கொட்டி என் மூத்த பின்கள வீரரைப் பயிற்சியாளராக்கினேன். அடுத்த நான்கு வாரமும் வறண்டன. கடனை அடைக்க, அந்தப் பயிற்சியாளருக்காகவே சேர்த்து வைத்திருந்த பிள்ளைகளில் மூவரை விற்றேன். கடைசியில் பயிற்சியாளர் இருந்தார், பயில ஆள் இல்லை.

ஏழாம் படி: துணைப் பயிற்சியாளர்களும் பயிற்சி அளவும்

துணைப் பயிற்சியாளர்கள் பயிற்சியை விரைவுபடுத்துவார்கள். இவர்களுக்கு 1 முதல் 5 வரை நிலைகள் உண்டு. நிலை ஒன்று ஏறினால் ஊதியம் இரட்டிப்பாகும், பலனோ படிப்படியாகவே கூடும். ஆகவே ஒரே ஆளை உச்ச நிலையில் வைப்பதைவிட, நடு நிலையில் இருவரை வைப்பது பெரும்பாலான சிறிய அணிகளுக்குக் கட்டுப்படியாகும். பயிற்சி கூடும்போது காயமும் கூடும் என்பதை மறக்க வேண்டாம். ஒப்பந்தக் காலத்தைப் பருவத்தின் அளவோடு பொருத்தி வையுங்கள். இடையில் நீக்கினால் பணம் வீணாகும். மருத்துவர், உளவியலாளர், நிதி இயக்குநர் போன்ற மற்ற உதவியாளர்களை, மாணவ இடங்கள் நிறைந்து பயிற்சி சீராக ஓடத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சித் தீவிரத்தை நான் 100 விழுக்காட்டிலிருந்து இறக்குவதில்லை. அதில் ஒரு பங்கை உடல்வலுவுக்கு ஒதுக்க வேண்டும். நான் 10 விழுக்காட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்.

எட்டாம் படி: வளர்த்தவரை விற்றல்

பயிற்சியாளருக்குப் போட்ட பணம் திரும்பி வரும் வாசல் ஏலம்தான் என்பதால் இதில் அவசரம் ஆகாது. சந்தையில் ஒருவரைப் பட்டியலிட்டால் ஏலம் சரியாக மூன்று நாள் நடக்கும்; கடைசி மூன்று நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் முடிவு நேரம் தள்ளிப்போகும். பட்டியலிடும் நிமிடமே முடிவு நிமிடத்தையும் தீர்மானிக்கிறது என்பதை நான் நெடுநாள் கவனிக்கவில்லை. விடியுமுன் எழுந்து பால் வெட்டி, எடுத்து, உறைய வைத்துவிட்டு, காலை எட்டரைக்கு வந்து உட்காரும்போதுதான் எனக்கு நேரம் கிடைக்கும், அப்போதே பட்டியலிடுவேன். என் மிகச் சிறந்த நடுக்கள வீரர் அப்படித்தான் பாதி விலைக்குப் போனார்.

வள்ளவிளையில் இருக்கும் எங்கள் நண்பர் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விலையைச் சொன்னதும் சிரித்தார். “லேய் தம்பி, ஏலத்துக்கு மீனு மட்டும் போதுமா? ஆளும் வேணுமில்லா? காலத்த எட்டரைக்கு ஐரோப்பாவுல எவன் முழிச்சிருப்பான்?” நம் எட்டரை மணி சுவீடனில் குளிர்காலத்தில் அதிகாலை நான்கு, கோடையில் ஐந்து. வாங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி ஐரோப்பாவில் இருப்பதால், அங்கே இரவு எட்டு மணிக்கு ஏலம் முடிவதே நல்லது. நமக்கு அது கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. இப்போது விற்பனை இருந்தால் அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து பட்டியலிட்டுவிட்டு, மீண்டும் படுத்து, நான்கு மணிக்குக் கத்தியோடு தோட்டத்துக்குப் போகிறேன்.

எந்த வாரத்தில் விற்பது என்பதற்கு இரண்டு குறிப்புகள். திறன் ஒரு நிலை ஏறிய உடனே விற்றால் விலை கூடும், ஏனெனில் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது முழு நிலைதான். ஒன்பது வாரம் பயின்று அடுத்த நிலையின் வாசலில் நிற்பவருக்கு உரிய விலையை யாரும் தரமாட்டார்கள். வயது ஒன்று கூடுவதற்கு முன்பே விற்பதும் நல்லது, ஏனெனில் பிறந்தநாளோடு வயதும் ஊதியமும் மாறுகின்றன.

விற்ற விலை முழுவதும் கைக்கு வராது. முகவர் கட்டணம் உண்டு. வீரர் உங்களிடம் இருந்த காலம் குறைய அது கூடும். அவர் முதலில் ஆடிய தாய்ச் சங்கத்துக்கும் முந்தைய சங்கத்துக்கும் ஒரு பங்கு போகும். வாங்கிய வாரத்திலேயே விற்று லாபம் பார்க்க நினைப்பவரை இந்தக் கட்டணங்களே தின்றுவிடும். நான்காம் படியில் சொன்ன 80,000 என்பது இந்தக் கழிவுகள் போகக் கைக்கு வரும் தொகையாக இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: மைதானம்

இருக்கைகளில் நான்கு வகை: நிற்கும் படிக்கட்டு, சாதாரண இருக்கை, கூரையுள்ள இருக்கை, விஐபி பெட்டி. மழை நாளில் கூட்டம் குறையும், வருகிறவர்களும் கூரையைத் தேடுவார்கள். வெயில் நாளில் படிக்கட்டு நிறையும். இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டும் வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான தொகை கழிவதால், நூறு நூறாகக் கூட்டாமல் ஒரே முறை பெரிதாகக் கட்டுங்கள். கட்டிய இருக்கை காலியாகக் கிடந்தாலும் பராமரிப்புச் செலவு போகும். நல்ல வானிலையில் மூன்று ஆட்டம் தொடர்ந்து முழுசாக நிறைந்த பிறகே நான் விரிவாக்கத்தைப் பற்றி யோசிப்பேன். பயிற்சியாளரா, மைதானமா என்று ஒரே பையிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், மாணவ இடங்கள் நிறைந்த அணி பயிற்சியாளரையும், கூட்டம் வாசலில் திரும்பிப் போகும் அணி மைதானத்தையும் முதலில் கவனிக்கட்டும்.

பத்தாம் படி: நீங்கள் இல்லாத வாரங்கள்

ஒருவர் அணியை இன்னொருவர் நடத்தக் கூடாது என்பது ஆட்டத்தின் கண்டிப்பான விதி. வள்ளவிளை நண்பர் கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். கரை மறைந்த பிறகு சிக்னல் கிடையாது. கடவுச்சொல்லை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகவும் வழியில்லை. எங்களில் கணக்கு மிகச் சுத்தமாக இருப்பது அவருடைய அணியில்தான். அவர் கிளம்புவதற்கு முன் செய்வதை அப்படியே தருகிறேன்.

படகில் ஐஸ் ஏற்றும் நாளுக்குச் சில நாள் முன்பே, திரும்பும் நாள்வரை எத்தனை சொந்த மைதான ஆட்டம், எத்தனை வறண்ட வாரம் என்று எண்ணுகிறார். அத்தனை வாரக் குறைவையும் தாங்கும் பணம் கையில் இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லையென்றால் ஊதியம் அதிகமான ஒரு மூத்தவரை மூன்று நாள் முன்பே ஏலத்தில் விடுகிறார், ஏனெனில் ஏலப் பணம் கிளம்புவதற்குள் கைக்கு வர வேண்டும். உதவியாளர் ஒப்பந்தங்களில் எதுவும் நடுவில் முடிகிறதா என்று பார்த்து, முடிவதை நீட்டுகிறார். கொடுக்க முடிந்த ஆட்டங்களுக்கெல்லாம் அணிவரிசையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு இயல்பு அணிவரிசை ஒன்றைச் சேமித்து வைக்கிறார்; அதில் மாணவ இடங்கள் மூன்றிலும் மிக இளைய மூவர் நிற்பார்கள், கேப்டன் பட்டை அடுத்த பயிற்சியாளராகப் போகும் மூத்தவர் கையில் இருக்கும். நீண்ட பயணத்துக்கு முன் புதிய வீரரையோ புதிய பயிற்சியாளரையோ அவர் வாங்கியதே இல்லை. போன முறை தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் இறங்கிச் சிக்னல் கிடைத்ததும், மீன் விலையைக் கேட்பதற்கு முன் எனக்கு அழைத்து, “ரெண்டு பய ஏறியிருக்கானுவ, நைட்டு பதினொன்றரைக்கு லிஸ்ட் போடணும், எழுப்பிவிடு தம்பி” என்றார்.